துடுப்பு கிழிந்த மீனும் தொட்டியின் கூட்டாளிகளும்: சேலத்தில் மீன் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துடுப்பு கிழிந்த மீனைக் கண்டவுடன் கடைக்குப் போய் நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவதுதான் நம்மில் பலர் முதலில் செய்யும் காரியம். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு ஏஞ்சல், ஐந்து டைகர் பார்ப், ஒரு சக்கர் மீன் என்று இருந்த அந்தத் தொட்டியில் பெரிய ஏஞ்சலின் வால் நாளுக்கு நாள் குட்டையானது. மூன்று நாள் மருந்து ஊற்றியதில் வால் வளரவில்லை. வடிகட்டியில் இருந்த நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் செத்துத் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். மீன்களை விற்ற கடைக்காரரிடம் கேட்டபோது, "டைகர் பார்ப் அப்படித்தாங்க கடிக்கும், எடுத்துருங்க" என்றார். அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே பார்ப்களைத் திருப்பிக் கொடுத்தேன். வால் வளரத் தொடங்கியது. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் ஏஞ்சலின் விலாவில் மட்டும் புதிது புதிதாகச் செதில் உரிந்த தடங்கள் தெரிந்தன. அதற்குக் காரணம் வேறொரு மீன் என்று புரிவதற்கு மேலும் பத்து நாளாயிற்று.

துடுப்புச் சேதம் என்பது பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் ஒரு நோயின் தொடக்கம் அன்று. சேரக்கூடாத மீன்களைச் சேர்த்ததன் அல்லது போதாத இடத்தில் அடைத்ததன் விளைவு. நோய் அதன் பின்னால்தான் வருகிறது. ஆகவே கீழே சொல்லும் வரிசையில் மருந்து வெகு பின்னால் வருகிறது.

கிழிசலின் வடிவத்தைப் பாருங்கள்

மீனின் துடுப்பு, விசிறியின் கம்பிகளைப் போல வரிசையாக நிற்கும் கதிர்களும் அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வும் சேர்ந்தது. எது போயிருக்கிறது, எப்படிப் போயிருக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீன் கண்ணாடியின் அருகே வரும்போது கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பல செய்திகள் அதில் இருக்கும்.

கதிர்கள் முழுதாக இருந்து, அவற்றுக்கு இடையே உள்ள சவ்வு மட்டும் நேர்கோடாகக் கிழிந்திருந்தால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளில் மாட்டிக் கிழிந்ததாகவோ வலையில் பிடிக்கும்போது ஏற்பட்டதாகவோ இருக்கும். நல்ல தண்ணீரில் இது சில நாள்களில் தானாக ஒட்டிக்கொள்ளும். பிறை வடிவில், கரையான் அரித்த ஓலையின் ஓரம்போலத் துண்டு துண்டாகக் காணாமல் போயிருந்தால் அது கடி. கடித்த இடத்தின் ஓரம் சுத்தமாக இருக்கும். நேற்று இருந்த அளவுக்கும் இன்று இருக்கும் அளவுக்கும் திடீர் வித்தியாசம் தெரியும். நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர் மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்வதும் உண்டு; தனியாக வளரும் ஃபைட்டரின் வால் ஓரிரவில் பிறை வடிவில் குறைந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அழுகல் வேறு மாதிரி இருக்கும். ஓரம் நைந்து, வெண்மையாகவோ சிவப்பாகவோ ஒரு கரை கட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக உடலை நோக்கி உள்ளே நகரும். துடுப்பெங்கும் இரத்த நரம்புகள் சிவந்து தெரிந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவின் வேலையாக இருக்கலாம். சாம்பல் நிறப் பூச்சு படிந்து, ஓரிரு நாளுக்குள் துடுப்பு கரைந்து போவதுபோலத் தோன்றினால் அது கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். இது வெப்பத்தில் வேகமெடுக்கும் நோய் ஆதலால், "மீனுக்கு உடம்பு சரியில்லை, ஹீட்டரைக் கூட்டு" என்ற வழக்கமான அறிவுரை இங்கே தீங்காகவே முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறிவரும் துடுப்பின் ஓரத்தில் நிறமே இல்லாத, கண்ணாடித் தாள் போன்ற ஒரு மெல்லிய படலம் தெரியும். அது புதிதாக வளரும் துடுப்பு. அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களை நான் அறிவேன்.

மேட்டூர்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும்

இரண்டாவதாகத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியாவும், வடிகட்டியின் பாக்டீரியாக்கள் அதை மாற்றும்போது முதலில் உருவாகும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே, முடிந்தால் 20க்குக் கீழே இருப்பது நல்லது. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் பெருகி இந்த நிலை வருவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய மறுநாளே பத்து மீனை விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் துடுப்பு சிவந்துவிட்டதே என்று வருந்துவதில் பொருளில்லை.

சேலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். அது வராத நாள்களில் நாம் திறப்பது ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீர். முன்னதில் குளோரின் இருக்கும். பின்னதில் குளோரின் இருக்காது. ஆனால் குளியலறை வாளியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். இரண்டில் எதிலும் மீன் வளரும். எங்கள் தெருவிலேயே முழுக்க முழுக்கப் போர்த் தண்ணீரில் மோலியும் கப்பியும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. ஒரு வாரம் காவிரி, மறுவாரம் போர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் மீனை வாட்டுகிறது. வாடிய மீனின் துடுப்பில்தான் அழுகல் முதலில் இறங்குகிறது. எதை ஊற்றுவது என்று ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு வேளையில் தொட்டியின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரில் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினை அளவாகச் சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பிஎச் அளவும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சு கூடும். பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் உள்ள தண்ணீரைவிட, பிஎச் 8, வெப்பம் 30 டிகிரி உள்ள தண்ணீரில் அதே அளவு அம்மோனியா பத்து மடங்குக்கு மேல் நச்சாக மாறும். கடினமான போர்த் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேர்ந்த சேலத்துத் தொட்டிக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். மார்கழியில் தாக்குப்பிடித்த அதே மீன்கூட்டம் ஏப்ரலில் துடுப்பு சிவந்து நிற்பதற்கு இதுவே பல சமயம் காரணம். வெப்பம் ஏறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும் என்பதால், வெயில் காலத்தில் ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓட விடுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்

தண்ணீர் சரியாக இருந்தும் துடுப்பு குறைகிறது என்றால், குற்றவாளி தொட்டிக்குள்ளேயே நீந்துகிறான். தொட்டிக்கு நேரே நின்று பார்த்தால் எல்லா மீனும் உணவுக்காக உங்களிடம் ஓடிவரும். யார் யாரை விரட்டுகிறார்கள் என்பது தெரியாது. நாலடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, உணவு போடும் நேரம் அல்லாத வேளையில், அசையாமல் 20 நிமிடம் உட்கார வேண்டும். அதன்பிறகு உணவு போட்டு இன்னும் 10 நிமிடம் பாருங்கள். எந்த மீன் மூலையிலோ வடிகட்டிக்குப் பின்னாலோ ஒதுங்கியே நிற்கிறது, எது அதன் பின்னாலேயே போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்பு ஜெலட்டின் தாளைச் சுற்றி மெல்ல அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு மர்மம் அப்படித்தான் வெளிப்பட்டது. இரவு பதினொரு மணிக்கு, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஏஞ்சலின் தட்டையான விலாவில், கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுபோலவே வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது சக்கர் மீன். மீனின் மேலுள்ள வழவழப்பான கோழைப் படலத்தை அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்கும் மீன் இது. வளர வளர, அதுவும் போதிய தீனி கிடைக்காவிட்டால், ஏஞ்சல், டிஸ்கஸ், கோல்டு பிஷ் போன்ற மெதுவான மீன்களின் உடலில் ஒட்டும் பழக்கம் அதற்கு வந்துவிடும். ஆல்கே ஈட்டர் என்று விற்கப்படும் ஒல்லியான மீனும் பெரிதானால் இதையேதான் செய்யும்.

தொட்டிக்குள் இருக்கும் பொருள்கள்

இது சிறிய வேலைதான், தள்ளிப்போடாதீர்கள். ஒரு பழைய நைலான் துணியையோ மெல்லிய சல்லாத் துணியையோ எடுத்துப் பிளாஸ்டிக் செடி, பொம்மைக் கோட்டை, கல் ஆகிய எல்லாவற்றின் மேலும் இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே துடுப்பும் கிழியும். வடிகட்டியின் உறிஞ்சு குழாய் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள். கப்பியின் வால் அதில் மாட்டாது.

யாரைப் பிரிப்பது

அடிபட்ட மீனைத் தூக்கித் தனியே வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும். காயம் ஆழமாக இருந்தாலும் அழுகல் தொடங்கியிருந்தாலும் அதுவே சரி. ஆனால் வெறும் கடியாக இருந்தால் கடித்தவனைப் பிரிப்பதே நல்லது. காயம்பட்ட மீனைப் பிடித்து இடம் மாற்றுவது அதற்கு இன்னொரு துன்பம்; அதோடு, கடிப்பவனுக்கு அடுத்த இரை தொட்டியிலேயே காத்திருக்கும். கடிக்கும் மீனை 3 முதல் 5 நாள் வேறு தொட்டியில் வைத்துவிட்டு, அதற்குள் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்குங்கள். திரும்பி வரும்போது தன் எல்லை எது என்று அதற்கே தெரியாமல் போகும். பழைய அதிகாரம் பாதி குறைந்திருக்கும்.

சிகிச்சைக்கு 20 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். அடியில் கல் வேண்டாம், ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டி, மேலே மூடி. பெரிய தொட்டியின் வடிகட்டியில் எப்போதும் இரண்டாவது ஸ்பாஞ்சு ஒன்றை ஓடவிட்டு வைத்திருந்தால், வேண்டிய நாளில் அதைத் தூக்கி இதில் போட்டுவிடலாம். அந்த ஸ்பாஞ்சைக் குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும்.

உப்பு, மருந்து, பொறுமை

சுத்தமான கிழிசலுக்கும் கடிக்கும் மருந்தே வேண்டாம். ஒரு வாரத்துக்கு நாள் விட்டு நாள் 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். இத்துடன் லிட்டருக்கு 1 கிராம் உப்புச் சேர்ப்பது பல மீன்களுக்கு உதவும். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக உண்மையில் 45 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு 45 கிராம் உப்பு. அதைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு செம்பில் கரைத்து, மூன்று பங்காக ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, ஆகையால் அடுத்து தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டுமே சேர்க்க வேண்டும். கோரிடோரஸ் போன்ற அடிமட்ட மீன்களும் உயிருள்ள செடிகளும் இருக்கும் தொட்டியில் உப்பைத் தவிர்த்து, அடிபட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

அழுகல் நகர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் மருந்து. அதுவும் தனித்தொட்டியில் மட்டும். மெதிலீன் நீலம் என்னும் அந்த நீல மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன என் மூன்று நாள் அனுபவமே சாட்சி. மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துக் கொட்டும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அளவு தெரியாமல் கொட்டும் நுண்ணுயிர்க்கொல்லி நோய்க்கிருமிகளை மருந்துக்கு அசராதவையாக மாற்றிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, இந்த வகை மருந்து தண்ணீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து வலுவிழக்கும். நம் ஊர்ப் போர்த் தண்ணீரில் அந்த இரண்டுக்கும் குறைவில்லை. கால்நடை மருத்துவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

துடுப்பு எவ்வளவு நாளில் வளரும்? ஆய்வகங்களில் வளர்க்கும் சீப்ரா டேனியோ மீனின் வாலைப் பாதி வெட்டினாலும், 28 டிகிரி தண்ணீரில் இரண்டு மூன்று வாரங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் போன்ற பெரிய துடுப்புள்ள மீன்களுக்கு இதைவிட அதிக நாளாகும். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதமாகும். கதிர்கள் முளைக்கும் அடிப்பகுதி வரை போய்விட்டால் மட்டும் அது முழுதாக வளர்வது ஐயமே.

எதை எதோடு சேர்ப்பது

இனி மூல காரணத்துக்கு வருவோம். சேலத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மீன்களில் துடுப்பு கடிப்பவை என்று டைகர் பார்ப், செர்பே டெட்ரா, விடோ டெட்ரா ஆகிய மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். இவை கெட்ட மீன்கள் அல்ல. கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்குள்ளேயே துரத்திப் பிடித்து யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும் இயல்பு உடையவை. நான்கைந்து மட்டும் வாங்கினால் அந்தத் துரத்தல் வெளியே திரும்பும். எட்டு அல்லது பத்து இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். நான் ஐந்து வாங்கியதில் இரண்டு தவறுகள் இருந்தன: எண்ணிக்கை குறைவு, பக்கத்தில் ஏஞ்சல். எண்ணிக்கையைக் கூட்டினாலும் டைகர் பார்ப்பை ஏஞ்சலோடு வைக்க நான் இனித் துணியமாட்டேன். ஏஞ்சலுக்கும் கௌராமிக்கும் வயிற்றுக்குக் கீழே நூல்போலத் தொங்கும் துடுப்புகள் புழுவைப் போல அசையும். கடிக்கும் மீன்களுக்கு அது அழைப்புத்தான்.

அடுத்தது, தன் இனத்தையோ தன்னைப்போல் தோன்றுவதையோ பொறுக்காத மீன்கள். ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டியில் ஒன்றுதான். பெரிய வண்ண வாலுள்ள ஆண் கப்பியையும் அது இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணிப் பாயும். மறுபக்கம், ஃபைட்டரின் வாலையே கடிக்கும் மீன்களும் உண்டு. ரெட் டெயில் ஷார்க்கும் தொட்டிக்கு ஒன்றுதான். நீலக் கௌராமியில் ஆண் ஒன்றே போதும். கப்பி, மோலி, ஸ்வோர்டுடெயில் ஆகியவற்றில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற விகிதத்தில் வைக்காவிட்டால், பெண் மீன்கள் ஓய்வின்றித் துரத்தப்பட்டு வாடிப்போகும்.

"ஷார்க்" என்றே சொல்லி விற்கும் சாம்பல் நிறக் குட்டி மீனைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கெளுத்தி வகை. விரல் நீளத்தில் அழகாக இருக்கும். வளர்ந்த பிறகு வாயில் கொள்ளும் எதையும் விழுங்கிவிடும். எந்த வீட்டுத் தொட்டிக்கும் அது ஏற்றதன்று. ஏஞ்சலும் நியான் டெட்ராவை விழுங்கும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரண்டடித் தொட்டிக்கு அமைதியான சேர்க்கை வேண்டுமென்றால், எட்டு நியான் டெட்ரா, ஆறு சிறிய கோரிடோரஸ், ஒரு தேன் கௌராமி என்று வைக்கலாம். கடினமான போர்த் தண்ணீர் மட்டும் கிடைக்கும் வீடுகளில் இதை விட்டுவிட்டு, கப்பி, பிளாட்டி, குட்டை வால் மோலி என்று போவதே அறிவுடைமை. மூன்றடி இருந்தால் டைகர் பார்ப் பத்தையும் அவற்றைப் போலவே வேகமான சீப்ரா டேனியோ எட்டையும் சேர்த்து விடலாம். இரண்டுமே விரைவாக நீந்துபவை, தொங்கும் துடுப்பு இல்லாதவை.

பசியும் கடிக்க வைக்கும். காலையிலும் மாலையிலும் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு உணவை, தொட்டியின் இரு முனைகளிலும் பிரித்துப் போடுங்கள். ஒரே மூலையில் போட்டால் வலியது மட்டுமே தின்னும்.

ஏற்காட்டுத் தொட்டி

மலையில் தொட்டி வைத்திருப்போர் மேலே சொன்ன பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் குளிர்ந்துவிடும். ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி வேண்டுமென்றால் லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் கட்டாயம். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் அந்த மீன்களே வேண்டாம். குளிரில் சுருங்கிக் கிடக்கும் மீன், கடிபட்டாலும் ஓடித் தப்பாது, கடித்த துடுப்பும் வளராது. அங்கே ஹீட்டரே இல்லாமல் கோல்டு பிஷ் நன்றாக வளரும். சேலத்து வெயிலில் திணறும் அதே மீன்தான். ஒயிட் கிளவுட், சீப்ரா டேனியோ, ரோசி பார்ப் ஆகியவையும் குளிரைத் தாங்கும். ஆனால் ரோசி பார்ப்பை நீண்ட வாலுள்ள கோல்டு பிஷ்ஷோடு சேர்க்காதீர்கள். அதுவும் வாலைக் கொறிக்கும். கடையிலிருந்து மலைக்கு மீன் கொண்டுபோவோர் பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டால் மட்டும் போதாது. அதன்பிறகு கால்மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து வலையில் எடுத்து மீனை மட்டும் விடுங்கள்.

மீண்டும் சேர்க்கும் நாள்

புதிதாக வாங்கிய எந்த மீனையும் 2 முதல் 4 வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே பொதுத் தொட்டியில் விட வேண்டும். அப்படிப் புது மீனை விடுவதற்கும், ஆறிய மீனைத் திரும்பச் சேர்ப்பதற்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பழைய மீன்களுக்கு வயிறு நிறைய உணவு கொடுங்கள். கல், செடிகளின் இடத்தை மாற்றுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மாலையில் மீனை விடுங்கள். மறுநாள் விடுமுறையாக இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுத்தால், காலை முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு மணி நேரம் விரட்டிவிட்டு ஓய்ந்தால் கவலையில்லை. மாலை வரை ஒரே மீன் ஒரே மீனைத் துரத்திக்கொண்டிருந்தால் அந்த இரண்டும் சேராது.

சேராத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விட்டுவிட வேண்டாம். முக்கியமாகச் சக்கர் மீனை. நம் ஊர் நீர்நிலைகளில் அது பிழைத்துப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் சக்கர் மீனை வாங்கிக்கொள்ள முதல் கடையில் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கடையில் காசு கேட்காமல் கொடுத்த பிறகே எடுத்துக்கொண்டார்கள். அப்போது அது என் முன்னங்கை நீளம் இருந்தது.